விச்சு மாமா சாகடித்த இருநூற்று நாற்பத்தொரு பேர்

விச்சு மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவருடைய தொணதொணப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு நல்ல குணங்களை மட்டும் எழுதினால் அவரே மேலேயிருந்து, "அரே, இது யாரைப் பத்தி?" என்று கேட்பார். கேள்வி கேட்காமல் அந்த மனிதரால் அரை மணி நேரம் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் சாதம் விழுவதற்குள் பக்கத்து இலைக்காரரைத் துளைக்க ஆரம்பித்துவிடுவார். "பொண்ணோட அப்பா உங்களுக்கு என்ன வேணும்? மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?" ஒரு தடவை காது மந்தமான பெரியவர் ஒருவர், "கொஞ்சம் ரசம் போதும்" என்று பதில் சொன்னார். மாமா அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஆமாம், நோட்டு. அட்டை போட்ட நீள நோட்டு. அதில் எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறை இருந்தது. யார் யாருக்குப் பிள்ளை, எந்த ஊர், என்ன நட்சத்திரம், எத்தனையாவது பிரசவம் எல்லாம் இருந்தது. கல்யாணம், பூணல், சீமந்தம் எதற்கு வந்தாலும் அந்த நோட்டும் கூடவே வரும். "வந்துட்டார்டி சென்சஸ் ஆபீசர்" என்று நாங்கள் முந்தானைக்குள் சிரிப்போம்.

விஸ்வநாதன் என்கிற விச்சு என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இருபது வயதில் புனேவுக்கு வந்து, கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, அதே ஆபீஸிலேயே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினார். ஊர்ப் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவர் வாயில் கடைசி வரைக்கும் பூனாதான். கோர்படியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. மனைவி பட்டு மாமி. ஒரே பிள்ளை பத்ரி, நான் அங்கே போய்ச் சேர்ந்த சமயம் கலிஃபோர்னியாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தான்.

1995 ஜூனில் அந்த வீட்டு வாசலில் நான் போய் நின்றேன். ஒரு பெட்டி, இடுப்பில் நாலு வயது ப்ரீத்தி, இடது கண்ணுக்குக் கீழே நீலம். முன்கூட்டி ஒரு கடிதம்கூடப் போடவில்லை. வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், இந்த மனிதர் கேள்வி கேட்டே என்னைக் கொன்றுவிடுவார் என்று. கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழந்தை பாலைச் சூடாக் குடிப்பாளா, ஆத்தித் தரணுமா?"

அவ்வளவுதான். மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. அவருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

நான் யாரைவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கர் என்று பெயர். அடித்தான். அதை இழுத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சென்னை கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று, குழந்தை என்னிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் ஆயிற்று. அப்பா மாதம் ஒரு தடவை கோர்ட் வளாகத்தில் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். நானும் ஒவ்வொரு மாதமும் ரயிலேறிப் போய் அந்த மரபெஞ்சில் காத்திருந்தேன். ஒரு மாதம்கூட அவன் வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை சென்னையில் குழந்தையை நர்சரியிலிருந்து தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாள் எங்கே வைத்திருந்தான் என்றே தெரியாமல் வைத்திருந்தான். திரும்பி வந்த ப்ரீத்தி ஒரு வாரம் பேசவில்லை. தீர்ப்பு வந்த அன்று கோர்ட் படியில் நின்று, "எங்க போய் ஒளிஞ்சாலும் ஒரு நாள் தூக்கிண்டு போவேன். நீ பாத்துண்டே இரு" என்றான். அதற்குப் பிறகு என் விலாசம் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள்தான்.

புனேவை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் லேபில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ், ஒரு ரூம், கிச்சன். பிறகு ஒரு டூவீலர். இந்த ஊருக்கு நான் ஒரு விஷயத்தில் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். புனேயில் வண்டி ஓட்டும் பெண்கள் எல்லோரும் தூசிக்கும் வெயிலுக்கும் பயந்து முகத்தை முழுக்க ஸ்கார்ஃபால் சுற்றிக்கொள்வார்கள். கண் மட்டும்தான் தெரியும். சிக்னலில் இருபது பேர் அப்படி நிற்கும்போது நானும் ஒருத்தி. யாருக்கும் சந்தேகம் வராது. எட்டு வருஷம் இப்படி நிம்மதியாக ஓடிற்று.

2003 ஜூலையில் நாக்பூரிலிருந்து லலிதா சித்தி போன் செய்தாள். லலிதா சித்தி என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் நடுக்கம் உண்டு. எழுபது வயதிலும் குரல் கணீரென்று இருக்கும்.

"ஸ்ரீவித்யா, நான் செத்துப்போயிட்டேனாம்டி."

"என்ன சித்தி, காலங்கார்த்தால?"

"விச்சு போட்டிருக்கானாம். கம்ப்யூட்டர்ல. என் பேரன் மனோஜ் பாத்துட்டு, 'பாட்டி, யூ ஆர் டெட்'ங்கறான். ஏண்டி, அவனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? கல்யாணத்துல அவனுக்கு ரெண்டு தடவை பால்பாயசம் போடச் சொன்னவடி நான்!"

விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா அதற்குள் கோர்படியிலிருந்து ஊரின் இன்னொரு பக்கம் ஔந்தில் பத்ரி வாங்கிய ஃப்ளாட்டுக்குக் குடிபோய், பத்ரி அனுப்பிய கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு, இரண்டு மாதமாகக் கண்ணில் படாமல் இருந்தார். வம்சாவளி போடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருப்பதாகப் பட்டு மாமி சொல்லியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ப்ரீத்தியையும் கூட்டிக்கொண்டு ஔந்துக்குப் போனேன். மாமி காந்தாபோஹா என்கிற வெங்காய அவல் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். மாமா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"பாரு. முன்னூத்தி எண்பத்தாறு பேர். உலகத்துல எங்க இருந்தும் பாக்கலாம். கீழ பாத்தியா நம்பர்? வந்து பாத்தவா கணக்கு. இருநூத்தி பதினாலு!"

"அது இருக்கட்டும் மாமா. லலிதா சித்தியை ஏன் கொன்னேள்?"

"அதா? அது அந்த சாஃப்ட்வேர் பண்ற அடாவடி" என்று அவர் விளக்கினார். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் 'லிவிங்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். உயிரோடு இருந்தால் அதில் டிக் போட வேண்டும். ஆனால் டிக் போட்டால், ஆளுடைய பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் இணையத்தில் வராமல் போய், அந்த இடத்தில் வெறுமே 'லிவிங்' என்று மட்டும் வரும். மாமாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "நாப்பது வருஷம் தேடித் தேடிச் சேத்திருக்கேன். இது யாரு என் மனுஷா பேரை அழிக்கறதுக்கு? நானும் முட்டி முட்டிப் பாத்தேன். டிக்கை எடுத்தா பேர் வரது. அதனால எல்லாருக்கும் எடுத்துட்டேன். பஸ், முடிஞ்சுது" என்றார். பேச்சை முடிக்க அவருக்கு எப்போதும் அந்த இந்தி 'பஸ்'தான்.

எல்லோருக்கும் என்றால் உயிரோடு இருந்த இருநூற்று நாற்பத்தொரு பேருக்கும். சாஃப்ட்வேர் தன் கடமையைச் செய்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே பொடி எழுத்தில் 'டிசீஸ்டு', அதாவது காலமானவர், என்று போட்டிருந்தது. போன மாதம் பிறந்த குழந்தைக்கும் போட்டிருந்தது.

"அதை யாரு அவ்வளவு கிட்டப் போய் படிக்கப் போறா?" என்றார் மாமா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"நான் எங்க இருக்கேன்? என்னையும் கொன்னாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். இரண்டு தட்டுத் தட்டினார். வந்தேன். என் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், டிசீஸ்டு. அடுத்த வரியில் பிம்ப்ரி, காலனியின் பெயர், பில்டிங் எண், ரூம் எண். அதற்குக் கீழே ப்ரீத்தி, பன்னிரண்டு வயது, ஏழாவது வகுப்பு, பள்ளிக்கூடத்தின் முழுப் பெயர்.

ப்ரீத்தியை உள்ளே மாமியிடம் போகச் சொன்னேன்.

"மாமா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள்?"

"ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

"என் அட்ரஸை ஊருக்கெல்லாம் போட்டிருக்கேளே!"

"ஊருக்கு எங்கடி போட்டேன்? இது நம்மாத்து மனுஷாளுக்குன்னா? பேர் குடுத்தவாதான் பாக்க முடியும்." இணையம் என்றால் அவருக்கு வீட்டுக் கூடத்தில் மாட்டிய படம் மாதிரி. உள்ளே கூப்பிட்டவர்கள்தான் பார்ப்பார்கள் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த இருநூத்தி பதினாலு பேர் யாரு? நம்மாத்துல கம்ப்யூட்டர் வெச்சிண்டிருக்கறது மொத்தம் பத்து பேர்கூட இல்லையே!"

மாமா அந்த நம்பரை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம் மெதுவாக, "கெஸ்ட் புக்னு ஒண்ணு இருக்கு. சில பேர் எழுதியிருக்கா" என்று அதைத் திறந்தார்.

நாலைந்து பேர் பாராட்டியிருந்தார்கள். கடைசியாக ஒரு குறிப்பு, ஆங்கிலத்தில். அருமையான வேலை சார், ப்ரீத்தி நல்ல ஸ்கூலில் படிக்கிறாள் என்று தெரிந்து சந்தோஷம், அந்த ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்? கீழே 'பி, சென்னை' என்று மட்டும் இருந்தது. எழுதி ஐந்து நாள் ஆகியிருந்தது.

"இது யாருன்னு தெரியறதா உங்களுக்கு?" என்றேன். "பாஸ்கர்!"

மாமா கீபோர்டுக்குக் கீழே இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் அவருடைய முத்து முத்தான எழுத்தில், 'ஸ்ரீவித்யாவிடம் கேட்க: ஸ்கூல் விடும் நேரம்' என்று எழுதியிருந்தது.

கேட்டுப் பதில் போடலாம் என்று இருந்திருக்கிறார். நல்லவேளை, அந்த வாரம் போன் லைன் சரியில்லை.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்க பெருமைக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா என்றேன். நோட்டுப் பைத்தியம் என்றேன். பட்டு மாமி கரண்டியோடு ஓடி வந்தாள். மாமா எழுந்து போனார், சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார், கம்ப்யூட்டர் ஒயரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துட்டேன். இனிமே யாருக்கும் தெரியாதோல்லியோ?"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய! "ஒயரைப் பிடுங்கினா போகாது மாமா. மறுபடியும் போடுங்கோ, உள்ள போய் அழிக்கணும்" என்றேன். அமெரிக்காவில் அகாலமாக இருந்தாலும் பத்ரியை எழுப்பிப் போனில் கேட்டுக் கேட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் மொத்தத்தையும் அழித்தார். நாற்பது வருஷ வேலை. அழிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாரே தவிர திரையைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா? பத்ரி தன் பக்கத்தில் ஒரு பிரதி வைத்திருந்தான், மனோஜ் ஒன்றை இறக்கி வைத்திருந்தான். இரண்டு பேரையும் போனில் பிடித்து அழிக்கச் செய்தார். தேடும் தளங்களில் பழைய பக்கத்தின் நகல் இன்னும் சில நாள் தென்படும் என்று பத்ரி சொன்னதும், தினமும் காலையில் ஸ்நானம் செய்த கையோடு என் பெயரைத் தேடிப் பார்ப்பார். இருபத்து மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போன் செய்து, "இல்லே. இன்னிக்கு நீ எங்கயும் இல்லே" என்றார். யாரும் யாருக்கும் சொல்லாத நல்ல செய்தி.

ஆனால் விலாசம் ஒருவன் கைக்குப் போனது போனதுதானே. பக்கத்தை அழித்த மறுநாள் திங்கட்கிழமையே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தீர்ப்பு நகலைக் காட்டிச் சொல்லி வைத்தேன். ஆனாலும் வேலைக்குப் போகாமல் கேட்டிலேயே நிற்க என்னால் முடியுமா? மாமா நின்றார். ஔந்திலிருந்து பிம்ப்ரிக்குத் தன் பழைய ஸ்கூட்டரில் தினமும் வந்து, பள்ளி விடுவதற்கு அரை மணி முன்னால் கேட்டுக்கு எதிரே பேப்பரோடு நின்று, ப்ரீத்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டு, நான் வரும்வரை அங்கேயே இருப்பார். மழை கொட்டினால் ரெயின்கோட். அடுத்த ஏப்ரல் வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. ப்ரீத்திக்கு மானம் போயிற்று. "அம்மா, ஹி இஸ் ஆஸ்கிங் எவ்ரிபடி கொஸ்டின்ஸ்!" என்று சிணுங்குவாள். ஆமாம், அந்த கேட்டில் நின்றபடியே மூன்று தமிழ்க் குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒன்று நமக்கு ஒரு வகையில் சொந்தம் என்றும் நிரூபித்துவிட்டார்.

பாஸ்கர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, ஆனாலும் பயம் விடவில்லை; அந்தக் கோடை விடுமுறையிலேயே நாங்களும் ஔந்துக்கே வீடு மாற்றிக்கொண்டோம். பள்ளியும் மாறிற்று. அப்போதுதான் மாமா ஒரு நாள் தயங்கித் தயங்கி, வம்சாவளியை மறுபடியும் போடட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அவர் அனுமதி கேட்கிற ஆளா! நான் யோசிக்காமல் சரி என்றேன்.

இந்த முறை எல்லோருக்கும் டிக். இருநூற்று நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகத் திறந்து, கட்டத்தில் டிக் போட்டு, உயிர்ப்பித்துவிட்டதாகச் சொன்னார். செத்துப்போனவர்களைப் பற்றி ஏதாவது போடுவதானாலும் அவர்கள் பிள்ளை பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். 'லிவிங்' என்ற வார்த்தை மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக நமக்குப் பிடித்த வார்த்தையைப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்ரி சொன்னதும், கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி 'சிரஞ்சீவி' என்று போட்டுவிட்டார்.

பட்டு மாமிக்குச் சந்தேகம். "பொம்மனாட்டிகளுக்குக்கூடவா? சௌபாக்யவதின்னு போட வேண்டாமோ?"

"போட்டா, யாரு சௌபாக்யவதி, யாரு இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமேடி. எல்லாரும் சிரஞ்சீவி. பஸ்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று கொஞ்சம் அழுதேன்.

ஒன்று மட்டும் எனக்கு எரிச்சல். புதிய பக்கத்தில் உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் வெறும் சிரஞ்சீவி, ஆனால் இவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். 'தொடர்புக்கு: விஸ்வநாதன்.' ஃப்ளாட் எண், ஔந்த், டெலிபோன் நம்பர், எல்லாம். "எங்களையெல்லாம் மறைச்சுட்டு உங்க பேருக்கு மட்டும் விளம்பரமா?" என்று கிண்டல் செய்தேன். "யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா எங்கிட்ட வரட்டுமே" என்றார். போன் வந்தால் அவர் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்கோ. அப்புறம் அவா யாருன்னு நான் சொல்றேன்." மனிதருக்கு இதில் ஒரு பெருமை என்றுதான் நான் நினைத்தேன்.

2007 மார்ச்சில் ப்ரீத்திக்குப் பத்தாவது பரீட்சை. முதல் நாள் மாமா வந்து விபூதி இட்டு அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வரவில்லை. போன் செய்தால், முட்டி வலி என்றார். அதற்கு முன்னாலும் கிட்டத்தட்ட இரண்டு வாரமாக வரவில்லை. நாலு தெரு தள்ளித்தான் வீடு! "எங்களையும் வர வேண்டாம்கறேள், நீங்களும் வரமாட்டேங்கறேள். சொந்தப் பேத்தியா இருந்தா இப்படி இருப்பேளா?" என்று கேட்டுவிட்டு டொக்கென்று வைத்துவிட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே மாம்பழத்தோடு வந்தார். நானும் எதுவும் நடக்காத மாதிரி மாம்பழத்தை நறுக்கினேன்.

2009 ஜூனில், காலைக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, மார்பு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பத்ரியும் அவன் மனைவி சுஷ்மாவும் வந்து காரியங்கள் எல்லாம் ஆயின. கிளம்பும் முன் பத்ரி, "அப்பாவோட ட்ரீயை நீங்கதான் பாத்துக்கணும் அக்கா. எங்கிட்ட ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கார்" என்றான்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வேலை, மாமாவின் டிக்கை எடுக்க வேண்டும். அதற்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவர் பக்கத்தைத் திறந்தேன். டிக் இல்லை. 2004-லேயே எல்லோருக்கும் போட்டவர் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து வருஷமாக அந்த சாஃப்ட்வேர் கணக்கில் அவர் செத்துப்போனவர். பெயர் தெரிய வேண்டுமே, அதற்காக.

பிறகு என் பக்கத்தைத் திறந்தேன். இணையத்தில் 'சிரஞ்சீவி' மட்டும்தான் தெரியும், ஆனால் உள்ளே, வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதில் மாமா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தார்.

'ஆகஸ்ட் 2004. பி போன். சொல்லவில்லை.

தீபாவளி 2005. பி போன், வேறு பெயரில். குரல் தெரிந்தது. சொல்லவில்லை.

23 பிப்ரவரி 2007. நேரில் வந்தான். சொல்லவில்லை. கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்ரீ வீட்டுக்குப் போகக் கூடாது, பின்னால் வருவான்.

6 மார்ச். இன்னும் இருக்கிறான். குழந்தைக்கு இன்று முதல் பரீட்சை. போக முடியவில்லை.

17 மார்ச். போய்விட்டான்.

ஸ்ரீயிடம் சொல்ல வேண்டாம்.'

பட்டு மாமியைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்தான்டி. இங்கதான் உக்காந்தான். காபி குடுத்தேன், என்ன இருந்தாலும் ஆத்துக்கு வந்தவன். 'பொண்ணைப் பாக்கணும், அட்ரஸ் குடுங்கோ'ன்னான். 'கோர்ட்டுல போய்க் கேளு. அவா சொன்னா நானே அழைச்சிண்டு வரேன்'னார். கத்தினான். மாமா கம்ப்யூட்டர்ல காட்டினார். 'இதோ பாரு, சிரஞ்சீவின்னு இருக்கு. நன்னா இருக்கா. அதுக்கு மேல தெரிஞ்சுக்க இந்தாத்துல உனக்கு வழி இல்லே'ன்னார். அவன் போனப்புறம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு நேரா பால்கனிக்குப் போய் நின்னுட்டார்."

"மூணு வாரம் மாமி! ஏன் என்கிட்ட சொல்லலே?"

"சொன்னா நீ அன்னிக்கே பெட்டியைக் கட்டிண்டு ஓடியிருப்பே. குழந்தை பரீட்சை எழுதணுமே."

சொந்தப் பேத்தியாக இருந்தால் இப்படி இருப்பேளா என்று நான் கேட்டேனே. அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, பால்கனியில் நின்று டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனிதர். மாமி மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன். மாமா, உங்களுக்கு நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. மாம்பழம் நறுக்கியதோடு சரி.

சாயங்காலம் ப்ரீத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, இனி யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "உன் பேரைப் போடட்டுமா, வேண்டாமா? மாமா வெச்ச ரூல், கேக்காம போடக் கூடாது" என்றேன். வெகுநேரம் அந்தக் குறிப்புகளைத் தடவித் தடவிப் படித்தாள்.

"இப்படியே இருக்கட்டும் அம்மா. நான் சிரஞ்சீவியாவே இருக்கேன். அது மாமா எனக்கு வெச்ச பேர்."

மாமாவின் பக்கத்தில் இறந்த தேதியைப் போட்டேன். அடுத்தது 'தொடர்புக்கு' என்ற இடம். அவர் பெயரை எடுத்துவிட்டால் அது காலி. மீதி இருநூற்றுச் சொச்சம் பேரில் இன்னும் எத்தனை பேர் யாருக்குப் பயந்து எந்த ஊரில் முகத்தை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்களோ, யார் கண்டது? பதினாலு வருஷம் ஒளிந்திருந்த என் பெயரை எழுத்துக் கூட்டித் தட்டினேன். ஸ்ரீவித்யா, ஔந்த், புனே. கீழே என் மொபைல் நம்பர்.

நாலாம் நாள் ஒரு ஆண் குரல். லலிதா சித்தியின் பேத்தி எந்த ஊரில் வேலை பார்க்கிறாள், அட்ரஸ் கிடைக்குமா என்று விசாரித்தது. ரொம்பத் தன்மையான குரல். பாஸ்கருக்கும் ஒரு காலத்தில் தன்மையான குரல்தான்.

"மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்கோ" என்றேன்.